நெல் விளையும் சமண ஊர்கள்: செஞ்சியிலிருந்து காஞ்சி வரை

வெள்ளிக்கிழமை, திருநாதர்குன்று

செஞ்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரிக் கோட்டையில் ஏறி, கல்யாண மகாலில் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கோட்டைக்கு வடக்கே, சிங்கவரம் பக்கத்தில் இருக்கும் திருநாதர்குன்றுக்கு அதிகம் பேர் போவதில்லை. நானும் தோழியும் தை மாதப் பனி விலகுவதற்குள்ளேயே ஏறத் தொடங்கிவிட்டோம்.

உச்சியில் ஒரு பெரிய பாறை. அதன் முகத்தில் வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு வரிசையில் 24 தீர்த்தங்கரர்கள், எல்லோரும் தியானத்தில் அமர்ந்திருக்கிறார்கள். "எல்லாரும் ஒரே மாதிரியே இருக்காங்களே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள் தோழி. அவள் கேட்ட கேள்வியிலேயே சமணத்தின் அடிப்படை இருக்கிறது. முதலாமவர் ரிஷபர், கடைசியாக வந்தவர் மகாவீரர். ரிஷபருக்குக் காளை, மகாவீரருக்குச் சிங்கம், பார்சுவநாதருக்குத் தலைமேல் பாம்புப் படம் என்று அடையாளங்களை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். வினை கழிந்த உயிர்களுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது. இவர்கள் யாரும் உலகைப் படைத்தவர்கள் அல்லர், வரம் கொடுப்பவர்களும் அல்லர். உலகத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, அதைப் படைத்தவர் என்று ஒருவரும் இல்லை என்கிறது சமணம். மனிதராகப் பிறந்து, தன் முயற்சியால் விடுதலை அடைந்து, மற்றவர்களுக்கும் வழி காட்டியவர்களே இந்த 24 பேர்.

விடுதலை எதிலிருந்து? வினையிலிருந்து. மற்ற சமயங்களும் வினையைப் பேசுகின்றன என்றாலும், சமணத்தில் வினை என்பது நுண்ணிய ஒரு பொருள். ஆசையும் கோபமும் உள்ள உயிரில், எண்ணெய் தடவிய உடம்பில் புழுதி ஒட்டுவதைப்போல, அது வந்து ஒட்டிக்கொள்கிறது. புதிதாக ஒட்டாமல் தடுக்க வேண்டும், ஏற்கெனவே ஒட்டியதை உதிர்க்க வேண்டும். உதிர்க்கும் வழி தவம்.

அந்தத் தவம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதே குன்றில் சாட்சி இருக்கிறது. 57 நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை (நோன்பிருந்து உயிர்விட்டவரின் நினைவிடம்) இது என்று சொல்லும் வட்டெழுத்துக் கல்வெட்டு, சுமார் 1,500 ஆண்டு பழமையானது. முப்பது நாள் நோன்பிருந்த இளைய பட்டாரர் பற்றி இன்னொரு கல்வெட்டும் உண்டு. இதற்குச் சல்லேகனை என்று பெயர். உடல் இனித் தவத்துக்கு ஒத்துழைக்காது என்று தெரிந்த பிறகு, குருவின் அனுமதியோடு, உணவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். சாக வேண்டும் என்ற ஆசையும் கூடாது, வாழ வேண்டும் என்ற ஆசையும் கூடாது என்பது விதி. 2015-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலை என்று தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இரண்டு பக்க வாதங்களையும் படித்திருக்கிறேன். வெறுத்துப்போய் உயிரை விடுவதும் இதுவும் ஒன்று என்று என்னால் ஏற்க முடியவில்லை. 57 நாளும் கூட இருந்து பார்த்த யாரோதான் அந்தக் கல்லைப் பொறிக்கச் செய்திருக்க வேண்டும்.

இறங்கி வந்து டீ குடித்த இடத்தில், இந்த வட்டாரத்துச் சமணர்களிடம் இன்றும் வழங்கும் ஒரு கதை பேச்சில் வந்தது. செஞ்சியை ஆண்ட நாயக்கன் ஒருவன் சமணர்களைக் கொன்று குவித்தான், தப்பியவர்கள் நீறு பூசிக்கொண்டு தங்களை மறைத்துக்கொண்டார்கள். குளக்கரையில் சமண முறைப்படி அனுட்டானம் செய்துகொண்டிருந்த ஒருவர் பிடிபட்டார். அன்று நாயக்கனுக்கு ஆண் குழந்தை பிறந்ததால் அவர் விடுவிக்கப்பட்டார். அவர் கர்நாடகத்திலுள்ள சரவணபெளகொளா சென்று துறவு பூண்டு, வீரசேனாசாரியராகத் திரும்பிவந்து, சிதறிப்போன மக்களை மறுபடி ஒன்று சேர்த்தார். இந்தப் பகுதியில் நீறுபூசி வேளாளர் என்ற பெயர் இருப்பதற்குக் காரணமாகவும் இதையே சொல்கிறார்கள்.

சனிக்கிழமை, மேல்சித்தாமூர்

செஞ்சி–திண்டிவனம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது மேல்சித்தாமூர். அறுவடை நேரம். ஊருக்குள் நுழையும் சாலையில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். நெல்லுக்கு அந்தப் பக்கம் ஏழுநிலைக் கோபுரம். தூரத்திலிருந்து பார்த்தால் சிவன் கோயில் என்றுதான் தோன்றும். கிட்டே போனால் கோயில் முன்னால் மானஸ்தம்பம், சமணக் கோயில்களுக்கே உரிய உயரமான தூண். உள்ளே பார்சுவநாதர்.

தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. மடத்தின் தலைவர் யாராக இருந்தாலும் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப்பெயர் அவருக்கு வரும். காவி உடுத்தி, மடத்தையும் கோயில்களையும் மக்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஊருக்குள்ளேயே மல்லிநாதர் கோயில் என்று இன்னொன்று உண்டு. அங்கே பாறையில் பாகுபலி நிற்கிறார், காலிலும் கையிலும் கொடி படர்ந்திருக்கிறது. அவர் நின்ற நிலையிலேயே தவம் செய்ததால் கொடிகள் அவரை மரமென்று நினைத்து ஏறிவிட்டன. பக்கத்தில் பார்சுவநாதர், காவல் தெய்வமான அம்பிகை இயக்கி.

கோயிலில் பூசை செய்பவரை உபாத்தியாயர் என்கிறார்கள். நாங்கள் போனபோது ஒரு பாட்டி சிறிய மணைப்பலகையில் பச்சரிசியைப் பரப்பி விரலால் சுவஸ்திகம் வரைந்துகொண்டிருந்தார். அதற்கு மேல் மூன்று புள்ளிகள், அவற்றுக்கும் மேல் ஒரு பிறை, பிறைக்குள் ஒரு புள்ளி. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவரே சொல்ல ஆரம்பித்தார். "இந்த நாலு கையும் நாலு பிறவிம்மா. தேவர், மனுசர், விலங்கு, நரகர். மூணு புள்ளி மும்மணி. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். மேல இருக்கறது சித்தர் லோகம், விடுதலையான உயிருங்க இருக்கற எடம்." அரிசி எதற்கு என்று கேட்டேன். "நெல்லப் போட்டா முளைக்கும். உமி போன அரிசி முளைக்காது. எனக்கும் இன்னொரு பொறப்பு முளைக்கக் கூடாதுன்னுதான்." வெளியே சாலையில் காய்ந்துகொண்டிருந்த நெல்லைத் தாண்டி வந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அன்று எங்களுக்குச் சாப்பாடு தோழிக்குத் தெரிந்த ஒரு நயினார் வீட்டில் (தமிழ்ச் சமணர்களை இங்கே நயினார் என்பார்கள்). கோயிலைவிட அந்த வீட்டுச் சமையலறையில்தான் எனக்குச் சமணம் புரிந்தது.

கிணற்று நீர் வரும் குழாய் வாயில் வெள்ளைத் துணி ஒன்று இரண்டாக மடித்துக் கட்டியிருந்தது. தண்ணீர் அதன் வழியாகத்தான் பாத்திரத்தில் விழ வேண்டும். நிரம்பியதும் அந்த வீட்டம்மா துணியை அவிழ்த்துத் திருப்பிப் போட்டு, வடிகட்டிய நீரையே அதன்மேல் ஊற்றி ஒரு சொம்பில் பிடித்தார். சொம்போடு கொல்லைக்குப் போய்க் கிணற்றுக்குள் கயிறு விட்டு மெல்லக் கவிழ்த்தார். துணியில் தங்கிய உயிர்கள் வந்த இடத்துக்கே போக வேண்டுமாம், உயரத்திலிருந்து கொட்டினால் அடிபடுமாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக இவ்வளவு பொறுமையாகக் குனிந்து நின்ற ஒருவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

உயிர்களைச் சமணம் அறிவின்படி வகுக்கிறது. மண், நீர், தீ, காற்று, செடிகொடி ஆகியவற்றுக்குத் தொடு உணர்வு மட்டும் உண்டு, அவை ஓரறிவு உயிர்கள். புழுவுக்குச் சுவையும் சேர்ந்து இரண்டு. எறும்புக்கு மோப்பமும் சேர்ந்து மூன்று. ஈக்கும் வண்டுக்கும் பார்வையோடு நான்கு. கேட்கும் உணர்வும் சேர்ந்தவை ஐந்தறிவு. தொல்காப்பியத்தின் மரபியலிலும் இதே வரிசை வருவது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். இந்த வகுப்பை வைத்துத்தான் சாப்பாட்டு விதிகளும் வந்தன. கிழங்கு ஒன்றில் எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கின்றன, அதைப் பிடுங்கினால் செடியே போய்விடும். ஆகவே உருளையும் வெங்காயமும் பூண்டும் விலக்கு. தேனும் விலக்கு. எல்லா வீட்டிலும் ஒரே கண்டிப்பு இல்லை. வெங்காயம் சேர்க்கும் வீடுகளும் உண்டு, நோன்பு நாளில் மட்டும் விலக்குகிறவர்களும் உண்டு. புலால் மட்டும் யார் வீட்டிலும் கிடையாது.

அந்த வீட்டில் அன்று அவரைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பருப்பு, ரசம், மோர். ஐந்தரை மணிக்கே இலை போட்டுவிட்டார்கள். "பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடணும்மா. இருட்டுல விளக்கு வெச்சா பூச்சி வந்து விழும், நமக்கும் தெரியாது" என்றார் அம்மா. கல்லூரியில் படிக்கும் அவர் மகள் சென்னை விடுதியிலும் இதை விடுவதில்லையாம். மாலை ஐந்து மணிக்கே டப்பாவில் வாங்கி வைத்துச் சாப்பிட்டுவிடுவாளாம்.

சாப்பிட்டு முடித்துத் திண்ணைக்கு வந்ததும், பகலெல்லாம் மனதில் கிடந்த கேள்வியை அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டுவிட்டேன். சமணர் என்றாலே வியாபாரிகள் என்று நினைக்கிறோம். நீங்கள் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்கிறீர்கள். ஏர் ஓட்டினால் மண்ணில் உள்ள புழு சாகாதா ஐயா?

அவர் கோபப்படவில்லை. "சாகும். சாகாதுன்னு சொன்னா பொய் சொன்ன பாவமும் சேந்துக்கும்" என்றார். பிறகு விளக்கினார். ஹிம்சையை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். வேண்டுமென்றே கொல்வது சங்கல்ப ஹிம்சை. சமைப்பது, பெருக்குவது போன்ற வீட்டு வேலையில் நடப்பது ஆரம்ப ஹிம்சை. தொழிலில் தவிர்க்க முடியாமல் நடப்பது உத்தியோக ஹிம்சை. தன்னையும் தன்னைச் சேர்ந்தவர்களையும் காக்கும்போது நடப்பது விரோத ஹிம்சை. இல்லறத்தில் இருக்கும் சாவகர் முதலாவதை அறவே விட வேண்டும். மற்ற மூன்றையும் முடிந்த மட்டும் குறைக்க வேண்டும். நான்கையும் துறப்பவர்கள் முனிவர்கள். அதனால்தான் அவர்கள் சமைப்பதில்லை, உழுவதில்லை, வண்டி ஏறுவதில்லை. கொல்லாமை, பொய்யாமை, களவு செய்யாமை, பிறன்மனை விழையாமை, பொருளுக்கு வரம்பு கட்டுதல் என்ற ஐந்தும் இரண்டு பேருக்கும் பொது. இல்லறத்தாருக்கு அவை இந்த அளவில் அணுவிரதம். துறவிக்கு முழுப் பிரமச்சரியம், உடைமையே இல்லாமை என்று முழுமையான மகாவிரதம்.

"எங்க தாத்தா ஆறு ஏக்கருக்கு மேல வாங்கறதில்லன்னு விரதம் எடுத்தாரு. காசு இருந்துச்சு, வாங்கல" என்று போகிற போக்கில் சொன்னார் பெரியவர். பொருளுக்கு வரம்பு கட்டுவது என்பது என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்தில் இதுதான் இன்று மிகக் கடினமானது என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பொன்னூர் மலை

வந்தவாசியிலிருந்து சேத்துப்பட்டு போகும் சாலையில் பொன்னூர் மலை. மேலே குந்தகுந்தாசாரியரின் பாதங்கள் பாறையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிராகிருதத்தில் சமயசாரம் எழுதிய குந்தகுந்தர் ஆடை துறந்த முனிவர்களைப் பின்பற்றும் திகம்பரர்களுக்கு, மகாவீரருக்கும் அவருடைய முதல் சீடர் கௌதமருக்கும் அடுத்தபடியாகப் போற்றத்தக்கவர். அவருக்கு ஏலாசாரியர் என்றும் பெயருண்டு, திருக்குறளைத் தந்தவரும் அவரே என்பது இங்குள்ள சமணர்களின் உறுதியான நம்பிக்கை. 'ஆதி பகவன்' ரிஷபர், 'மலர்மிசை ஏகினான்' தாமரைமேல் நடந்த அருகன் (தீர்த்தங்கரர்) என்று அவர்கள் பொருள் சொல்கிறார்கள். அறிஞர்கள் இதில் ஒத்துப்போகவில்லை. எனக்கும் வள்ளுவரை ஒரு சமயத்துக்குள் அடைக்க மனமில்லை. ஆனால் கொல்லாமை அதிகாரத்தையும் புலால் மறுத்தலையும் இந்த ஊர்க்காரர்கள் அளவுக்கு அன்றாடம் கடைப்பிடிப்பவர்கள் குறைவு.

மலையடிவாரத்தில் ஒரு திகம்பர முனிவர் தங்கியிருந்தார். காலையில் அவர் ஆகாரம் ஏற்பதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. முனிவரின் உடைமை மயிற்பீலியும் கமண்டலமும்தான். உட்காருவதற்கு முன் பீலியால் தரையை மெதுவாக ஒதுக்கிவிட்டு உட்காருவார். தலைமுடியைக் கையாலேயே பறித்துக்கொள்வார். நாளுக்கு ஒரே வேளை உணவு, தண்ணீரும் அப்போதுதான். அது கிடைப்பதும் நிச்சயமில்லை. இன்னின்னபடி யாராவது நின்று அழைத்தால் ஏற்பேன் என்று காலையில் மனதுக்குள் ஒரு நியமம் வைத்துக்கொண்டு புறப்படுவார், அதை யாரிடமும் சொல்ல மாட்டார்.

கலசம் ஏந்தி நின்ற ஒரு தம்பதியின் முன்னால் நின்றார். அவர்கள் "நமோஸ்து" என்று மூன்று முறை வலம் வந்து உள்ளே அழைத்துப் போனார்கள். நின்றபடியே இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். அதில் ஒரு கவளம் சோறு வைத்தார்கள். கட்டை விரலால் அதைக் கிளறிப் பார்த்துவிட்டு உண்டார். பிறகு இன்னொன்று, கொஞ்சம் பால், மறுபடி சோறு. ஏழெட்டுக் கவளம் ஆகியிருக்கும், விரல் நின்றது. சோற்றில் ஓர் எறும்பு. கைகளைப் பிரித்தார். அவ்வளவுதான், ஆகாரம் முடிந்தது. இனி மறுநாள் காலைதான், தண்ணீர்கூட. பரிமாறிய பெண் அழுதுவிட்டார். முனிவர் முகத்தில் வருத்தமோ சலிப்போ இல்லை. பீலியைத் தூக்கி அவரை ஆசீர்வதித்துவிட்டு நடந்தார்.

அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை, திருமலை

போளூர் பக்கத்தில் திருமலை. திருப்பதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பேருந்தில் கேட்கும்போது போளூர் திருமலை என்று சொல்லிக் கேளுங்கள். பாறையில் 16 அடிக்குமேல் உயரமாக 22-ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதர் நிற்கிறார், ஊரார் சொல்லும் பெயர் சிகாமணிநாதர். கீழே ராஜராஜனின் அக்கா குந்தவையின் பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தாதாபுரத்திலும் குந்தவை ஒரே ஊரில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் கோயில் எடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ராஜேந்திர சோழனின் கங்கை வெற்றியைப் பட்டியலிடும் புகழ்பெற்ற மெய்க்கீர்த்தியும் இந்தத் திருமலைப் பாறையில்தான் இருக்கிறது. அத்தனை நாடுகளையும் வென்ற கதையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் அந்தக் கல்வெட்டு பதிவு செய்வது, ஒரு வணிகரின் மனைவி இந்தக் கோயிலுக்கு விளக்கெரிக்கக் கொடுத்த கொடையை. எனக்கு அந்த அம்மாளைத்தான் பிடித்தது.

குகைக்குள் ஓவியங்கள் மங்கிக்கொண்டே வருகின்றன. வட்ட வடிவில் ஒரு சமவசரணம் தெரிகிறது. தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் அவை அது, தேவர்களும் மனிதர்களும் விலங்குகளும் அவரவர் இடத்தில் அமர்ந்து கேட்பார்கள். சுவரில் சிலர் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். உடன் வருகிறவர்களையும் செய்ய விடாதீர்கள்.

அடிவாரத்தில் 1998-ல் தொடங்கிய அரகந்தகிரி மடம் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் காலை வழிபாட்டில் பஞ்ச நமஸ்காரம் சொல்வதைக் கேட்டோம். அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர் (இங்கே பூசை செய்பவர் அல்லர், நூல் கற்பிக்கும் முனிவர்), உலகில் உள்ள எல்லாச் சாதுக்கள் என்று ஐவருக்கு வணக்கம். சமணத்தின் தலையாய மந்திரத்தில் மகாவீரர் பெயர்கூட வருவதில்லை.

செவ்வாய்க்கிழமை, திருப்பருத்திக்குன்றம்

காஞ்சிபுரத்தில் வேகவதி ஆற்றங்கரை ஊர். பெரிய காஞ்சி, சின்ன காஞ்சி போல இதற்கு ஜின காஞ்சி என்று பெயர். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-ல் கட்டியவர் விஜயநகர அமைச்சர் இருகப்பர். அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்க ஓவியம். ரிஷபரின் வாழ்க்கை, வர்த்தமானர் என்ற மகாவீரரின் வாழ்க்கை, நேமிநாதரோடு கண்ணன் கதையும் வருகிறது. நேமிநாதரும் கண்ணனும் உறவுமுறைச் சகோதரர்கள் என்பது சமணப் புராணம்.

கழுத்து வலிக்கும்வரை ரிஷபர் கதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துறவுக்கு முன் அவர் அரசர். பசியால் வாடிய மக்களுக்கு வாள், எழுத்து, உழவு, கல்வி, வணிகம், சிற்பம் என்று ஆறு தொழில்களைக் கற்றுக்கொடுத்தார் என்கிறது புராணம். உழவைச் சொல்லித்தந்தவரே முதல் தீர்த்தங்கரர்! மேல்சித்தாமூர்ப் பெரியவர் இதையும் சொல்லியிருக்கலாம், ஏனோ சொல்லவில்லை.

துறவு பூண்டபின் ஆறு மாதம் நோன்பிருந்த ரிஷபர், ஆகாரத்துக்காக ஊர் ஊராக நடந்தார். முனிவருக்கு எப்படி உணவிட வேண்டும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பொன்னும் யானையும் கொண்டுவந்து காலடியில் வைத்தார்கள். கடைசியில் சிரேயாம்சன் என்ற அரசன் கையில் கரும்புச்சாறு வார்த்தான். அந்த நாள்தான் சமணர்களுக்கு அட்சய திருதியை. பொன்னை மறுத்துக் கரும்புச்சாற்றை ஏற்ற நாளில் நாம் நகைக்கடை வாசலில் வரிசை கட்டி நிற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தீபாவளியும் அவர்களுக்கு வேறு. மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு அடைந்த விடியலை நினைத்து விளக்கேற்றுகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இந்த ஊர்க் கோயில்கள் பலவும் பகலில் பூட்டியே இருக்கும், உபாத்தியாயர் வீட்டை விசாரித்தால் வந்து திறப்பார். தோல் செருப்பையும் தோல் பெல்ட்டையும் வண்டியிலேயே விட்டுவிடுங்கள். முனிவர் எதிர்ப்பட்டால் படம் எடுக்க வேண்டாம், கைகூப்பி ஒதுங்கி நில்லுங்கள். யார் வீட்டிலாவது சாப்பிட அழைத்தால் ஐந்து மணிக்கே போய்விடுங்கள். மேல்சித்தாமூர்த் தேர் ஏப்ரல் மாதத்தில் ஓடும், சுற்று வட்டாரத்து நயினார் குடும்பங்கள் எல்லாம் ஊர் திரும்புவது அப்போதுதான். அரிசியில் சுவஸ்திகம் வரைந்த பாட்டி தேருக்கு வரச் சொல்லியிருக்கிறார். கட்டாயம் போவேன்.